வெள்ளத்துக்கு முன்பே விரிக்க வேண்டிய வலை

2023 மார்ச் தொடக்கத்தில், பருவமழைக் காலம் முடிந்தது என்று ஜொகூர் மக்கள் நினைத்திருந்த நேரத்தில், மழை விடாமல் கொட்டியது. சிகாமட், குளுவாங், யோங் பெங், பத்து பகாட் என்று ஊர் ஊராக நீர் ஏறியது. 40,000-க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தஞ்சமடைந்தார்கள். மற்ற மாவட்டங்களில் வடிந்த பிறகும், தாழ்ந்த நிலமான பத்து பகாட்டில் வெள்ளம் வாரக்கணக்கில் நின்றது. அதற்கும் முன்பு, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், கோத்தா திங்கி அடுத்தடுத்து இருமுறை மூழ்கியது. அந்தப் பருவத்தில் மாநிலம் முழுவதும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

இத்தகைய நாள்களில் முதலில் நிற்பது மின்சாரம். துணை மின்நிலையத்துக்குள் நீர் புகுந்தால் விநியோகத்தை நிறுத்தத்தான் வேண்டும். கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் வரச் சாலை வேண்டும், சாலையோ நீருக்கு அடியில் இருக்கும். 2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியபோது கோல கிராய் வட்டாரம் இப்படித்தான் வெளியுலகத் தொடர்பை இழந்தது. அந்தப் பேரழிவுக்குப் பிறகு, 2015-இல், நட்மா எனப்படும் தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் உருவானது.

காவல்துறைக்கும் தீயணைப்பு மீட்புப் படைக்கும் அரசின் தனி வானொலி வலையமைப்பு உண்டு. ஆனால் செம்பனைத் தோட்டத்தின் உள்ளே, பாலத்துக்கு அப்பால் சிக்கிக்கொண்ட குடும்பத்துக்கு 999 என்ற எண்ணைத் தவிர வேறு வழியில்லை. கோபுரம் விழுந்துவிட்டால் அந்த எண்ணும் பயன்படாது. சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது மீட்புப் படகில் வருபவருக்கு எப்படித் தெரியும்?

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது மெஷ் எனப்படும் கம்பியில்லா வலைப்பின்னல். இதில் நடுவே ஒரு கோபுரம் கிடையாது. ஒவ்வொரு கருவியும் தான் கேட்ட செய்தியை அடுத்ததற்குச் சொல்லும். வரிசையில் நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றி நெருப்பை அணைப்பது போல. ஒரு கருவி பழுதானால் செய்தி வேறு கருவி வழியே போகும். மாடிவீடுகளில் வைஃபை எட்டாத அறைக்கு இணையத்தைக் கொண்டுசேர்க்கும் சிறு பெட்டிகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன. தீயணைப்பு, ராணுவப் பிரிவுகளுக்கென விற்கப்படும் மெஷ் வானொலிகள் காணொளியையே அனுப்பும். ஆனால் விலை சாதாரண மக்களுக்கு எட்டாதது.

எட்டக்கூடியது ஒன்று 2020-இல் வந்தது. கெவின் ஹெஸ்டர் என்ற அமெரிக்க மென்பொருளாளர் தொடங்கிய மெஷ்டாஸ்டிக் திட்டம், லோரா என்ற நெடுந்தூர வானொலி நுட்பத்தைப் பயன்படுத்துகிறது. உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றை நூறு இருநூறு ரிங்கிட்டுக்குள் வாங்கிவிடலாம். அதைப் புளூடூத் வழியே கைப்பேசியுடன் இணைத்து, சிம் கார்டோ இணையமோ இல்லாமல் எழுத்துச் செய்தி அனுப்பலாம். அமெச்சூர் வானொலிக்கு வேண்டிய தேர்வு இதற்குத் தேவையில்லை. மலேசியாவுக்கென 919–924 மெகாஹெர்ட்ஸ் அமைப்பு அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. செய்தி கேட்ட கருவிகளில், பலவீனமாகக் கேட்டது, அதாவது தொலைவில் இருப்பது, முதலில் மறுஒலிபரப்பும். அதைக் கேட்ட மற்றவை ஒதுங்கிக்கொள்ளும். செய்தி இப்படி மூன்று தாவல்வரை போவது வழக்கம்; ஏழு வரை கூட்டலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வழக்கமான அமைப்பில் இதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோபிட்தான், குரலுக்கு இடமில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் வலை திணறும். தொடக்க அமைப்பின் சாவி உலகறிந்தது என்பதால், நோயாளி விவரம் அனுப்புவோர் தங்களுக்கெனத் தனிச் சாவி அமைத்துக்கொள்ள வேண்டும். தமிழருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு செய்தியில் சுமார் 200 பைட் அடங்கும். ரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘கு’ என்பதற்கே ஆறு. மலாயில் முப்பது சொல் அனுப்பும் இடத்தில் தமிழில் ஏழெட்டுச் சொல்தான் போகும். இடம், ஆள் எண்ணிக்கை, தேவை ஆகிய மூன்றையும் சுருக்கி எழுதும் முறையை முன்கூட்டியே பழகிவைப்பது அவசியம்.

முன்கூட்டியே என்பதைத்தான் உலக அனுபவமும் சொல்கிறது. நியூயார்க்கின் ரெட் ஹூக் பகுதியில் ஒரு சமூக மையம் சிறிய வைஃபை மெஷ் அமைத்திருந்தது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் தாக்கியபின் அந்த வலை வேலை செய்தது. அமெரிக்க மத்தியப் பேரிடர் அமைப்பு தன் செயற்கைக்கோள் இணைப்பை அதில் சேர்த்தது. பின்னர் அதைப் பராமரித்தவர்கள் பயிற்சி பெற்ற அப்பகுதி இளைஞர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானின் போர்ட் பிளேரிலும், மெஷ் இல்லாவிட்டாலும், இதுபோலவே நடந்தது. அமெச்சூர் வானொலிப் பயணமாக பாரதி பிரசாத்தும் குழுவினரும் சில வாரங்களுக்கு முன்பே அங்கே வந்திருந்தார்கள். அந்தமானுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே உயிர்பிழைத்தோர் செய்தியை அவர்கள் கடத்தினார்கள். கருவியும் ஆளும் அலை வருமுன்னே அங்கு இருந்ததுதான் காரணம்.

ஜொகூரின் நில அமைப்பு இதற்குப் பாதி உதவும், பாதி தடுக்கும். மழையில் நனைந்த செம்பனை ஓலைகள் இந்த அலைகளை உறிஞ்சும். தரைமட்டத்தில் சில கிலோமீட்டர் எட்டுவதே கடினம். உயரம் கிடைத்தால் நிலைமை தலைகீழ். குளுவாங்கில் 510 மீட்டர் உயரக் குனோங் லம்பாக், வடக்கே 1,276 மீட்டர் குனோங் லேடாங், பத்து பகாட் அருகே குனோங் பானாங் ஆகிய மூன்றிலும் சூரியத் தகடுடன் தலா ஒரு கருவி நின்றால், நடுவில் உள்ள ஊர்கள் பேசிக்கொள்ள நல்ல வாய்ப்புண்டு. மலையேறும் இளைஞர்களும் தோட்ட மேற்பார்வையாளர்களும் அன்றாடம் பயன்படுத்தினால், எந்தக் கருவி செத்துக் கிடக்கிறது என்பது மழைக்கு முன்பே தெரிந்துவிடும்.

இடம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், எந்தப் பள்ளி, எந்த மண்டபம் நிவாரண மையமாகும் என்ற பட்டியலைச் சமூக நல இலாகா தயாரித்துவிடுகிறது. அந்தக் கூரைகளில் ஒரு கருவி, அந்தப் பள்ளியில் அதை இயக்கத் தெரிந்த இரண்டு பேர், மாவட்ட நடவடிக்கை அறையில் ஒரு திரை என்று தொடங்கலாம். முதல் சோதனைக்குப் பத்து பகாட்டும் சிகாமட்டும் போதும்.