யார் ஆக்கிரமிப்பாளர்? குடிகிடப்பும் அனுபவ பாத்தியமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் குறித்தோ அம்பேத்கரியம் குறித்தோ பேசுவதுதான் வழக்கம். இந்த முறை வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன், மன்றத்தார் சம்மதித்தார்கள். தாலுகா ஆபீசிலும் முன்சீப் கோர்ட்டிலும் நம் மக்கள் அடிக்கடி கேட்க நேர்கிற ஒரு சொல் இருக்கிறது: ஆக்கிரமிப்பு. அது யார் மேல் ஒட்டுகிறது, யார் மேல் ஒட்டுவதில்லை, அதில் சட்டத்தின் பங்கு என்ன என்பதே என் பேச்சு. சட்ட விவரம் கொஞ்சம் அதிகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் இழந்த வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு.

"பன்னிரண்டு வருஷம் இருந்தா நமக்கே சொந்தம்." குமரி மாவட்டத்தில் இதைக் கேள்விப்படாதவர் இல்லை. வளைகுடாவுக்குப் போனவர் இந்தப் பயத்தில் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போகிறார். விளையில் குடியிருக்கும் கூலிக்காரர் இதே நம்பிக்கையில் நிம்மதியாகத் தூங்குகிறார். இரண்டு பேருடைய கணக்கும் தப்பு.

வீட்டுக்காரரின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். வாடகைக்கு வந்தவர் எத்தனை ஆண்டு இருந்தாலும், வாடகைதாரராக இருக்கும்வரை வீட்டுக்காரரின் உரிமையை மறுக்க முடியாது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவு அதைத் தடுத்தது. இப்போதைய புதிய சாட்சியச் சட்டத்தில் அது 122ஆம் பிரிவு. பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுவதும் பன்னிரண்டு வருடக் கணக்குக்குப் பயந்து அல்ல. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும், அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பதினொரு மாதம். இந்தப் பயத்தைச் சாக்கிட்டு, "உங்க ஆளுகளுக்கு வீடு குடுத்தா காலி பண்ண மாட்டீங்க" என்று நம் பிள்ளைகளுக்கு நாகர்கோவிலில் வாடகை வீடு மறுக்கப்படுகிறது. அதற்குச் சட்ட காரணம் ஏதும் இல்லை, காரணம் சாதி.

கூலிக்காரரின் நம்பிக்கைதான் நமக்கு முக்கியம். அதற்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 65ஆவது இனம், தன் நிலத்தை இன்னொருவர் எதிரிடையாக அனுபவிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் உரிமையாளர் வழக்குப் போட வேண்டும் என்கிறது. 27ஆம் பிரிவு, அந்தக் காலம் கடந்தால் அவருடைய உரிமையே அழிந்துபோகும் என்கிறது. அரசு நிலமானால் 112ஆவது இனத்தின்படி 30 ஆண்டு. இதைத்தான் எதிரிடை அனுபவ பாத்தியம் என்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'எதிரிடை'. வெறுமனே இருந்தால் போதாது. கர்நாடக வக்ஃபு வாரியம் தொடர்பான 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வரிசைப்படுத்தியது. எந்தத் தேதியில் உள்ளே வந்தாய், எந்த வகையில் அனுபவித்தாய், அது உரிமையாளருக்குத் தெரியுமா, எவ்வளவு காலம் தொடர்ந்தது, அது வெளிப்படையாகவும் தடையின்றியும் இருந்ததா. இத்தனைக்கும் பதில் வேண்டும். பலவந்தம் கூடாது, ஒளிவு கூடாது, அனுமதியும் கூடாது. அனுமதியோடு இருந்தவர் நூறு வருடம் இருந்தாலும் அனுமதியோடு இருந்தவர்தான்.

தோவாளைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். பாட்டா காலத்தில் வயல் வேலைக்கு ஆள் வேண்டுமென்று நிலக்காரரே ஓலைக்குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார். மகன் அதே குடிசைக்கு ஓடு போட்டார். பேரன் கரெண்டு இழுத்தார். இப்போது நிலக்காரரின் வாரிசுகள் தோப்பை மனை போட்டு விற்கப் போகிறார்கள். "நாங்க மூணு தலைமுறையா இங்கதான் கெடக்கோம்" என்று குடும்பம் கோர்ட்டில் சொல்கிறது. எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பது ஒரே கேள்வி: "யார் சொல்லி வந்தீர்கள்?" உண்மையைச் சொன்னால் வழக்கு முடிந்தது. காவலுக்கு இருந்தவர், வேலைக்காரராக இருந்தவர் எத்தனை காலம் இருந்தாலும் அவருக்கு அந்தச் சொத்தில் எந்த உரிமையும் பிறக்காது என்று 2012இல் கோவா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சில நிலக்காரர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொண்டு, வீட்டு வரிக்குக் கையெழுத்து வேண்டும் என்று போகிறவரிடம் 'தோப்புக் காவலாக இருந்துவருகிறேன்' என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போடும் முன் யாரிடமாவது வாசிக்கக் கொடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நிலக்காரரைப் பார்த்து "இது உன் நிலம் இல்லை, என் நிலம்" என்று வெளிப்படையாகச் சொல்லி, அவர் அறிய, பன்னிரண்டு ஆண்டு இருந்துகாட்ட யாரால் முடியும்? பக்கத்து நிலத்துக்குள் வேலியைத் தள்ளிப்போடும் சாதி இந்துவால் முடியும். கோவில் நிலத்தைத் தோட்டமாக்கிக்கொண்ட ஊர்ப் பெரியவரால் முடியும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "ஏமானே" என்று நின்றவரால் எப்படி முடிந்திருக்கும்? எதிர்த்தவருக்கு உரிமை தருகிற இந்த விதி, பணிந்து இருந்தவருக்கு எதையும் தருவதில்லை. பணிவு அவர்கள் விரும்பித் தேர்ந்துகொண்டது அல்ல என்பது சட்டத்தின் கண்ணுக்குப் படுவதில்லை. 2008இல் உச்ச நீதிமன்றமே இந்தச் சட்டம் நியாயத்துக்குப் பொருந்தாதது, மறுபரிசீலனை வேண்டும் என்று சொன்னது. ஆனால் அப்போது அது கவலைப்பட்டது உரிமையாளருக்காக. 2023இல் சட்ட ஆணையம் தன் 280ஆவது அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்று முடித்துவிட்டது. அனுமதியோடு குடியிருந்த கூலிக்காரர் இந்த விவாதத்தின் மையத்துக்கு வரவேயில்லை.

அவர்கள் ஏன் அனுமதியோடு மட்டுமே இருக்க நேர்ந்தது? நாஞ்சில் நாட்டில் இதற்குப் பழைய கணக்கு இருக்கிறது. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் மனிதர்களை விற்ற ஓலைகளும் இருக்கின்றன. திருவிதாங்கூரில் 1855இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்டவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் தரப்படவில்லை. பத்தே ஆண்டு கழித்து, 1865இல், பண்டாரப்பாட்டப் பிரகடனம் வந்தது. சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு அதை விற்கவும் மாற்றவும் கூடிய முழு உரிமை கிடைத்தது. அனுபவத்தை உடைமையாக்கிய பெரிய காரியம்தான் அது. ஆனால் கணக்கில் பெயர் இருந்தவரின் அனுபவம் மட்டுமே அனுபவமாக எண்ணப்பட்டது. சேற்றில் நின்றவரின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. 1912இல் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையில் எழுந்து புலையர்களுக்குப் புதுவல் நிலம் கேட்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள்.

வட மாவட்டத் தோழர்கள் இங்கே வரும்போது, "உங்க மாவட்டத்துல பஞ்சமி நிலம் எவ்வளவு?" என்று கேட்பார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் அறிக்கை தந்தது 1891இல், அரசாணை வந்தது 1892இல். அது சென்னை மாகாணத்து ஆணை. நாம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தோம். காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி 1994இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் நாம் மறக்க முடியாது. ஆனால் அவர்கள் கையில் எடுத்த ஆவணம் நமக்கு இங்கே கிடைக்காது. நாம் தேட வேண்டியது வேறு இடத்தில்.

அந்த வேறு இடத்தைச் சொல்வதற்கு முன் ஒரு தேதிக் கணக்கு. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. 1957 ஏப்ரலில் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அரசு பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 11 அன்று, குடியிறக்கத்தைத் தடுக்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஐந்து மாதமும் பத்து நாளும் இடைவெளி. பிறகு 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில், அங்கே குடிகிடப்புக்காரர் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகராட்சியில் 3 சென்ட் வரை சொந்தமாக வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வேலை செய்த, ஒரே சாதிக்காரர்கள்.

தமிழ்நாட்டோடு சேர்ந்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கேரளத்தின் பத்து சென்ட் வீட்டு மனையோடு நின்றது, வயல் தலித்துகளுக்கு வரவில்லை. 2007இல் செங்கறையில் ஹாரிசன்ஸ் மலையாளம் ரப்பர் தோட்டத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் குடிசை போட்டு உட்கார்ந்தது அதனால்தான். ஆனால் அங்கே அது அரசியல் கோரிக்கையாகப் பேசப்பட்டது. இங்கே பேசப்படவில்லை. 'கிடப்பு' என்ற அந்தச் சொல்லையும் பாருங்கள். நிலக்காரர் 'இருக்கிறார்', கூலிக்காரர் 'கிடக்கிறார்'. தமிழ்நாட்டுச் சட்டத்தில் நல்லவேளையாக அது 'குடியிருப்பு'.

ஆம், இங்கேயும் சட்டம் உண்டு. 1961இல் குடியிருப்புதாரர்களை வெளியேற்றுவதிலிருந்து பாதுகாக்க ஒரு சட்டம், 1971இல் அவர்களுக்கு உடைமையே தரும் இன்னொரு சட்டம்: தமிழ்நாடு குடியிருப்புதாரர் உடைமையளிப்புச் சட்டம், 1971இன் 40ஆவது சட்டம். விவசாயியோ விவசாயக் கூலியோ, வாடகைதாரராகவோ அனுமதியின் பேரிலோ குடியிருந்த மனை அவருக்கே உரியது என்கிறது. மூலச் சட்டம் குறித்த நாள் 19.6.1971.

அனுமதியின் பேரில் என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். காலவரையறைச் சட்டத்தில் நம்மைத் தோற்கடிக்கிற அதே அனுமதி, இந்தச் சட்டத்தில் நம்முடைய தகுதி. தோவாளைக் குடும்பம் "யார் சொல்லி வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லி, "வயல் வேலைக்கு நிலக்காரர் வைத்தார்" என்றால், இங்கே அதுவே வழக்கின் அடிப்படை.

இதனால்தான் அவசரப்பட்டு எதிரிடை அனுபவ பாத்தியம் கேட்டு வழக்குப் போடாதீர்கள் என்கிறேன். அது கேட்கும்போது நிலம் எதிராளியுடையது என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். அனுமதியில் இருந்ததை மறுக்கவும் வேண்டியிருக்கிறது. பிறகு குடியிருப்புச் சட்டத்துக்குத் திரும்பி வந்தால், "போன வழக்கில் எதிரிடையாக இருந்தேன் என்றாயே" என்று அந்த மனுவையே நீட்டுவார்கள். இரண்டு வாசலில் எது நம்முடையது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். நல்ல வக்கீல்களுக்கு இது தெரியும். வக்கீலைப் பார்க்கப் போகும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து கதையைக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு, அதாவது உங்களுக்கு, தெரிய வேண்டும்.

தனியார் நிலத்தில் இடமில்லாதவர்கள் புறம்போக்குக்குப் போனார்கள். சானல்கரை, குளத்தங்கரை, ரோட்டோரம். அங்கே நடப்பது 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தராமல் வெளியேற்ற முடியாது, உத்தரவுக்கு மேல்முறையீடும் உண்டு. நோட்டீசை வாங்க மறுப்பது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். வாங்குங்கள், தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள், எழுத்தில் பதில் கொடுங்கள். பி மெமோ என்று அபராதச் சீட்டு தருவார்களே, அதைக் கிழித்துப் போடாதீர்கள். ஆக்கிரமிப்பாளர் என்று நம்மைத் திட்டுகிற அந்தச் சீட்டுதான் இத்தனையாம் ஆண்டு முதல் இங்கே இருக்கிறோம் என்பதற்கு அரசாங்கமே எழுதித் தந்த சாட்சி.

நீர்நிலைப் புறம்போக்கில் நிலைமை கடினம். 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது, 2007இல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நீர்நிலைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குளம் போனால் முதலில் வேலை இழப்பது வயல் கூலிதான். ஆனால் மதுரை உயர் நீதிமன்றக் கிளை நிற்பதே உலகனேரிக் கண்மாயில். பேருந்து நிலையமும் அரசு அலுவலகமும் குளத்துக்குள் இருந்தால் அது வளர்ச்சி, மூன்று சென்ட் குடிசை இருந்தால் ஆக்கிரமிப்பு. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொதுநிலத்தை மீட்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற கூலிகளுக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ குத்தகைக்குத் தரப்பட்ட இடங்களை விதிவிலக்காகச் சேர்த்தது. அந்த வரியை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். மாற்று இடம் கேட்கும் மனுவும் நோட்டீசுக்கான பதிலோடு சேர்ந்தே போக வேண்டும்.

இதுவரை நம்மை ஆக்கிரமிப்பாளர் என்பவர்களைப் பற்றிப் பேசினேன். நம் மனையை ஆக்கிரமித்தவர்கள்? இலவசப் பட்டா கிடைத்தும் கல் நட்டு அளந்து தராததால் பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்குள் போய்விட்ட மனைகள் உண்டு. இங்கே அதே பன்னிரண்டு ஆண்டுக் கடிகாரம் நமக்கு எதிராக ஓடுகிறது. குடியிருந்த இடத்திலிருந்து ஒருவர் பலவந்தமாக வெளியேற்றினால், 1963ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டம் 6ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், பட்டா யார் பெயரில் என்ற விசாரணைக்கே போகாமல் இடத்தைத் திரும்பப் பெறலாம். அரசுக்கு எதிராக மட்டும் இது செல்லாது. அதற்கும் மேலே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளின்படி பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும், நிலத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ முறைகேடாக வெளியேற்றுவதும் குற்றம். முறைகேடு என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டமே விளக்கம் தருகிறது: விருப்பத்துக்கு மாறாக, சம்மதமின்றி, மிரட்டி வாங்கிய சம்மதத்தோடு, அல்லது போலி ஆவணம் தயாரித்து. மேலும், அந்த நிலம் நம் பெயரில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நம் கைவசம் இருந்தாலே போதும். காவல் நிலையத்தில் "இது சிவில் கேஸ், கோர்ட்டுக்குப் போ" என்பார்கள். இந்தப் பிரிவு எண்களைப் புகாரிலேயே எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேலை. பழைய ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது, வாக்காளர் பட்டியல், பி மெமோ, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவில் இருக்கும் முகவரி என்று ஒவ்வொரு வீட்டிலும் தேடி நகல் எடுங்கள். தாள் இல்லாத வீடுகளில் மனிதர்கள் இருக்கிறார்கள். 1971 ஜூனில் பதினைந்து வயதாக இருந்து, யார் எந்தக் குடிசையில் இருந்தார், எந்த வயலுக்கு வேலைக்குப் போனார் என்று நேரில் பார்த்தவருக்கு இப்போது எழுபது வயது. அவர்கள் சொல்வதை நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாக வாங்கி வையுங்கள். அடுத்த ஜமாபந்திக்கு முன் தொடங்கினால் நல்லது.