மருத்துவக் கவனக்குறைவு: வழக்குத் தொடர்வது எப்போது?

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவர் ஊனமுற்றுத் திரும்பும்போது, அல்லது திரும்பாமலே போகும்போது, ‘தவறு யாருடையது?’ என்னும் கேள்வி குடும்பத்தாரிடம் எழுவது இயல்பு. சட்டம் எழுப்பும் வினாக்கள் வேறு. அத்துறையில் சராசரித் திறனுடைய மருத்துவர் காட்டக்கூடிய கவனம் காட்டப்பட்டதா? காட்டப்படாமையால்தான் தீங்கு நேர்ந்ததா? இவ்விரண்டிற்கும் சான்றுடன் விடையளிக்க இயலுமா என்பதைப் பொறுத்தே வழக்குத் தொடர்வது பற்றி முடிவு செய்தல் வேண்டும்.

சிகிச்சை பலனளிக்காமை மட்டுமே கவனக்குறைவு ஆகாது. ஏற்கத்தக்க முறைகளுள் ஒன்றை மருத்துவர் தேர்ந்து, அது பயன்படாமற் போனாலும் அவர் பொறுப்பாளி ஆகார். 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் இதனைத் தெளிவுபடுத்திய உச்ச நீதிமன்றம், குற்றவியல் நடவடிக்கைக்குக் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருத்தல் வேண்டும் என்றும் கூறியது. மாறாக, அறுவையின்போது வயிற்றினுள் பஞ்சு விடப்படுவது, ஒவ்வாமை தெரிந்தும் அதே மருந்தைச் செலுத்துவது போன்றவற்றில் தவறு எளிதில் புலப்படும்.

எதை நாடுகிறோம் என்பதையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. மருத்துவர்மீது ஒழுங்கு நடவடிக்கை வேண்டுவோர் மாநில மருத்துவக் கவுன்சிலை அணுகலாம். அங்கு இழப்பீடு கிடைக்காது. இழப்பீட்டுக்கு உரிய இடம் நுகர்வோர் ஆணையம். கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலரிடம் கட்டணம் பெறும் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெறுவோருக்கும் இவ்வுரிமை உண்டு. அனைவருக்கும் இலவசமாகவே சிகிச்சையளிக்கும் மருத்துவமனைகள் இதில் அடங்கா. அவற்றின்மீது உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வழக்கிற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே அதனை அளிக்கலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் புகார்க் கட்டணம் இல்லை. ஆயினும் வழக்கறிஞர் செலவு, நிபுணர் கருத்துக்கான செலவு, அலைச்சல் ஆகியன உண்டு. சாதாரணமாக 3 மாதங்களில் தீர்வு காண முயல வேண்டும் எனச் சட்டம் கூறினும், நடைமுறையில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதுண்டு. மெய்ப்பிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் புகார்தாரருடையதே.

எனவே முதற்பணி வழக்கறிஞரைத் தேடுவதன்று; ஆவணங்களைப் பெறுவதேயாகும். நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கேட்டால், மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. உள்நோயாளிப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் அவ்விதி பணிக்கிறது. அவற்றை அதே துறையைச் சேர்ந்த, தொடர்பில்லாத மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கருத்தறிதல் அடுத்த படி.

தவறும் அதனால் விளைந்த தீங்கும் அக்கருத்தில் உறுதிப்படின், காலவரம்பு முடியுமுன் துணிந்து புகார் அளிக்கலாம். உறுதிப்படாவிடின், சினத்தின் பேரில் தொடரும் வழக்கு ஏற்கெனவே இழப்புற்ற குடும்பத்தின் பொருளையும் காலத்தையும் மேலும் கரைத்துவிடும்.