மலையூரானும் மாபெருங் கலமும்

தொப்பூர்க் கணவாயருகே பிறந்து வளர்ந்த யான் அறிந்த பெரும்பொருள்கள் இரண்டே: ஒன்று மலை, மற்றொன்று பாரம் ஏற்றிய லாரி. லாரி ஓட்டும் என் தந்தையார், “இறக்கத்தில் பாரந்தான் பகை” என்பர். ஆதலின், சென்னைத் துறைமுகத்தில் ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பலின் ஏறுபாலத்தில் முதன்முதற் கால்வைத்தபோது அச்சமே மேலிட்டது. 1990-இல் கட்டப்பெற்ற அக்கலம் ஏறத்தாழ 211 மீட்டர் நீளமும் 11 தளங்களும் உடையது. 2022 ஜூன் திங்களில் சென்னையினின்றும் உலாப்பயணம் தொடங்கியது.

இத்துணை இரும்பு மூழ்காதது என்னை? இரும்பாணி நீரில் மூழ்கும். அவ்விரும்பையே தகடாக்கிக் கிண்ணமாய் வளைத்தால் மிதக்கும். கிண்ணம் தன் எடைக்கு ஒத்த நீரை விலக்குமளவு அமிழ்ந்து, அவ்வளவில் நின்றுவிடும். விலக்குண்ட நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு நீர் அதனை மேனோக்கித் தாங்கும். இது ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர் கண்ட உண்மை. கப்பலும் உட்குழிந்த பெருங் கிண்ணமே. பாரம் ஏறுந்தோறும் அது சிறிது அமிழும். அமிழுந்தோறும் தாங்கும் விசையும் பெருகும். கனத்த எஞ்சின்களும் எரிநெய்யும் அடியில் அமைதலின், உயர்ந்த கலமும் எளிதிற் கவிழாது.

அச்சம் நீங்கிற்று, ஆயினும் கவலையொன்று பிறந்தது. கடலிற் பாரத்தைத் தாங்க நீர் உண்டு. கணவாயில் யாது உளது? எண்ணெயை மிச்சப்படுத்தக் கியரை விடுத்து இறங்குவார்க்குப் பிரேக்கு ஒன்றே துணை; அது சூடேறித் தளர்ந்தால் அத்துணையும் இல்லை. கீழ்க் கியரில் மெல்ல இறங்குதலே காப்பு. அன்றிரவே இதனைத் தந்தையார்க்கு எழுதினேன்.