பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? மின்வெட்டுக்கு ஒரு வீட்டுக் கணக்கு

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, கவலையில்லை" என்று சொல்பவர்களிடம் எத்தனை மணி நேரம் வரும் என்று கேட்டுப் பாருங்கள். "அது வரும் சார், நாலஞ்சு மணி நேரம்" என்பார்கள். என்ன ஓடினால் நாலஞ்சு மணி நேரம் என்று கேட்டால் பதில் இருக்காது.

எங்கள் வீட்டில் அந்த மாதிரிக் குத்துமதிப்பு உதவாது. அப்பாவுக்கு நுரையீரல் பலவீனம். இரவில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடியாக வேண்டும். அதனால் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் பேட்டரி. கடைக்காரர் '150 ஏஹெச் டியூபுலர்' என்பார். 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. 200 வாட் ஓடினால் 9 மணி நேரம் என்று மனக்கணக்கு சொல்லும். வராது. இரண்டு காரணம். இன்வெர்ட்டர், பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போதே 15 சதவீதம் போல வெப்பமாக வீணாகிவிடும். அடுத்தது, அந்த 150 என்பது சி20 அளவு. அதாவது 20 மணி நேரத்துக்கு 7.5 ஆம்பியராக நிதானமாக எடுத்தால் கிடைப்பது. ஈய-அமில பேட்டரி ஊற்றுக் கிணறு மாதிரி. மெல்ல இறைத்தால் ஊறி ஊறிக் கொடுக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் சீக்கிரமே சேறு தட்டிவிடும்.

எங்கள் வீட்டுக் கணக்கு: பழைய சீலிங் ஃபேன் இரண்டு, ஆளுக்கு 75 வாட். எல்ஈடி பல்பு நாலு, ஒவ்வொன்றும் 9. வைஃபை ரௌட்டர் 10. மொத்தம் ஏறக்குறைய 200 வாட். பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் போகிறது. புது பேட்டரியாக இருந்தால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். மூன்று வருடப் பழசு என்றால் அதுவும் இல்லை.

பெரும்பாலோர் இந்த இடத்தில் இன்னொரு பேட்டரி வாங்கப் போவார்கள். நான் சொல்வது, ஃபேனை மாற்றுங்கள். பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 30 வாட் போலத்தான் இழுக்கும். மொத்தச் சுமை பாதியாகிறது, 10 ஆம்பியர். ஆனால் நேரம் இரட்டிப்பாவதோடு நிற்பதில்லை. மெல்ல இறைப்பதால் 12 மணி நேரத்தைத் தாண்டும். செலவும் இன்னொரு பேட்டரியைவிடக் குறைவு, கரண்ட் பில்லும் மாதா மாதம் குறையும். பேட்டரிக்கும் நல்லது, ஒவ்வொரு தடவையும் அடிவரை காலியானால் அதன் ஆயுள் சுருங்கும்.

(போகிற போக்கில்: டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். ஆர்ஓ தண்ணீர் போதும் என்பது வாட்ஸ்அப் விஞ்ஞானம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், ஆகவே மூடிய அலமாரிக்குள்ளோ பூஜை விளக்குப் பக்கத்திலோ பேட்டரி வேண்டாம்.)

இனி கான்சன்ட்ரேட்டர். ஐந்து லிட்டர் மெஷின் 350 வாட் இழுக்கிறது. அதை மட்டும் ஓடவிட்டாலே 34 ஆம்பியர். இரண்டரை மணி, நல்ல பேட்டரியானால் மூன்று மணி. ஒரு ராத்திரி தாங்காது. இதற்கு பேட்டரியை நம்புவதே தப்பு, சிலிண்டர்தான் சரியான மாற்று. 'பி' டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். எந்த பேட்டரியும் அதன் பக்கத்தில் வராது. எங்கள் ஏற்பாடு இதுதான்: கரண்ட் போன முதல் ஒரு மணி நேரம் மெஷின் இன்வெர்ட்டரில், அதற்கு மேல் போனால் சிலிண்டர். வால்வைத் திறக்கும் சாவி சிலிண்டர் கழுத்திலேயே கயிறு கட்டித் தொங்குகிறது, இருட்டில் தேட முடியாது பாருங்கள். அந்த அறையில் மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் கிடையாது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சின்னத் தீயைப் பெருந்தீயாக்கிவிடும்.

இதுவரை சொன்னது மணிக்கணக்கில் போகும் கரண்டுக்கு. 2012-ல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்தப் பாடம் மனப்பாடம். நாள்கணக்கில் போவது வேறு ஜாதி. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது முதலில் தட்டுப்படுவது வெளிச்சம் இல்லை, தண்ணீர். ஊர்த் தொட்டிக்கு ஏற்றவும் மோட்டார்தான், வீட்டு மாடிக்கு ஏற்றவும் மோட்டார்தான். ஒரு ஹெச்பி மோட்டாரே 746 வாட், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு கேட்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அதற்கு ஆகாது. ஆகவே புயல் அறிவிப்பு வந்ததும் மாடித் தொட்டி, அண்டா, குடம் எல்லாம் நிரம்பிவிட வேண்டும். குடிக்க ஆர்ஓ தண்ணீரைத் தனியே பிடித்து வைக்க வேண்டும், அந்த மெஷினும் கரண்டில் ஓடுவதுதானே.

அடுத்து கைக்காசு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைத் தாக்கியபோது பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நோட்டுத் தட்டுப்பாடு ஒரு பக்கம், கரண்டும் நெட்வொர்க்கும் இல்லாமல் கார்டு மெஷின் ஓடாதது இன்னொரு பக்கம். இப்போது பெட்டிக்கடை வரை யுபிஐ. செல்போன் டவரின் பேட்டரியும் சில மணி நேரம்தான். சில்லறை நோட்டாகக் கொஞ்சம் வீட்டில் இருக்கட்டும்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். அம்மாவின் இன்சுலின் அதில்தான் இருக்கிறது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் போலத் தாங்கும். உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்பதை அட்டைப்பெட்டித் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர மணலில் வைத்த மண்பானை நல்ல உபாயம். ஆனால் அது தண்ணீர் ஆவியாவதை நம்பிய வேலை. கோடையில் மதுரையில் நன்றாக எடுபடும். மழைக்காலத்து ஈரக்காற்றில் நாகப்பட்டினத்தில் அந்தளவு எடுபடாது.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. கராஜிலோ மூடிய வராண்டாவிலோ ஜன்னலடியிலோ வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதைவிட மோசமானது, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க கரண்ட் கொடுக்கும் பழக்கம். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருவுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறும். செத்த லைன் என்று நம்பி மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன்தான் பலி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

மாடியில் சோலார் போட்டவர்கள் "கரண்ட் போனா எங்களுக்குப் பிரச்சினையில்லை" என்று நினைப்பதும் இதே காரணத்தால் தப்பாகப் போகிறது. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். பட்டப்பகல் வெயிலிலும் அப்படித்தான். கம்பத்தில் இருப்பவரைக் காப்பாற்ற வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். உங்களுடையது ஆன்-கிரிட்டா, பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட்டா என்பதைப் போட்டுக் கொடுத்தவரிடம் அடுத்த மழைக்காலத்துக்குள் கேட்டு வையுங்கள்.