பண்புக் கல்வித் திட்டம்

பண்புக் கல்வித் திட்டம் என்பது நேர்மை, பரிவு, பொறுப்பு, தன்னடக்கம் முதலிய பண்புகளைப் பள்ளிப் பிள்ளைகளிடம் முறைப்படி வளர்க்க முயலும் கல்விச் செயற்பாடு ஆகும். பிள்ளைகளின் சமூக, உணர்வு வளர்ச்சியுடன் இது நெருங்கிய தொடர்புடையது. இத்தகைய திட்டங்கள் பிள்ளைகளின் நடத்தையை உண்மையில் மாற்றுகின்றனவா என்பது ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றது.

தொடக்ககால ஆய்வு

ஐக்கிய அமெரிக்காவில் 1920களில் ஹியூ ஹார்ட்சோர்ன், மார்க் மே ஆகியோர் சுமார் 11,000 பிள்ளைகளை ஆராய்ந்தனர். தேர்விலும் விளையாட்டிலும் ஏமாற்றுவதற்கு வாய்ப்பளித்து, பிள்ளைகள் அறியாதவாறு அவர்களது நடத்தை அளவிடப்பட்டது. ஓரிடத்தில் நேர்மையாக நடந்த பிள்ளை மற்றோரிடத்திலும் அவ்வாறே நடக்கும் எனக் கூற முடியவில்லை. அறிவுரை மட்டும் நேர்மையை வளர்ப்பதில்லை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

செயல்முறை

பிற்காலத் திட்டங்கள் பல, அறிவுரையைவிடத் திறன் பயிற்சிக்கு முதன்மை அளித்தன. எடுத்துக்காட்டாக, 1980களில் காது கேளாத பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்டுப் பின்னர் பொதுப் பள்ளிகளுக்கும் விரிந்த 'பாத்ஸ்' திட்டத்தில், சினமுற்ற பிள்ளை ஓட்டுக்குள் ஒடுங்கும் ஆமையைப் போலச் செயலை நிறுத்தி, ஆழமாக மூச்சுவிட்டு, தன் சிக்கலையும் உணர்வையும் சொல்லப் பழக்கப்படுகிறது.

ஆய்வு முடிவுகள்

அமெரிக்கக் கல்வித் துறை 2010 இல் வெளியிட்ட அறிக்கை, 84 தொடக்கப் பள்ளிகளில் 7 திட்டங்களை மதிப்பிட்டது. 3 ஆம் வகுப்பு முதல் 5 ஆம் வகுப்பு வரை மாணவர்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். நடத்தை, படிப்பு உள்ளிட்ட 20 அளவைகளில், ஒட்டுமொத்தமாக முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை.

மாறாக, 2011 இல் ஜோசப் டர்லாக் குழுவினர் 213 திட்டங்களின் ஆய்வுகளைத் தொகுத்து நற்பயன் கண்டனர். படிப்பில் ஏற்பட்ட முன்னேற்றம், நூறு மாணவர் கொண்ட தரவரிசையில் நடுவிலுள்ளவர் 11 இடங்கள் முன்னேறுவதற்கு ஒப்பானது.

முரண்பாட்டின் காரணங்கள்

2010 ஆய்வில் ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்ட பள்ளிகளிலும் பண்பு வளர்க்கும் செயற்பாடுகள் ஏற்கனவே நடைபெற்றன. எனவே திட்டத்தின் தனிப்பயனைப் பிரித்தறிவது கடினம். 2011 தொகுப்பிலோ, பள்ளிகளையோ மாணவரையோ குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வுகளும் இடம்பெற்றிருந்தன. நடைமுறையில் குறைபாடு இருந்த திட்டங்கள் குறைந்த பயனே தந்தன என்பதையும் அத்தொகுப்பு காட்டியது. படிப்படியான பாடம், செய்து பழகுதல், போதிய நேரம், தெளிவான இலக்கு ஆகியவை அமைந்த திட்டங்களே கூடுதல் பயன் அளித்தன. ஆகவே, ஒரு திட்டத்தை ஏற்பதைப் போலவே அதனை வகுப்பறையில் நடத்தும் முறையும் முதன்மையானது.