நெட் வருகிறது, ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை: யார் பொறுப்பு, யாரிடம் கேட்பது?

திருத்தணி மலையடிவாரத்தில் என் நண்பர் ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். ஒரு ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், தெருவெல்லாம் காவடி, கடை நிறையக் கூட்டம். யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் போகிறது, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் தளம் மட்டும் திறக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதே பதில். நாலு தடவை செய்தும் பயனில்லை. கடைசியில் வேறு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட் போட்டார். தளம் உடனே திறந்தது. கோளாறு மோடத்திலும் இல்லை, தளத்திலும் இல்லை. நடுவில் உள்ள வழியில் இருந்தது.

இந்த வழிக் கோளாறைப் புரிந்துகொள்ள பின்கோடு போதும். 631209 என்று எழுதிய கடிதம் கொல்கத்தாவில் தபால்பெட்டியில் விழுந்தால், அங்கே கடிதம் பிரிப்பவருக்குத் திருத்தணி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. 63 என்று தொடங்கினால் தமிழ்நாட்டு மூட்டை, அவ்வளவுதான். பக்கத்திலிருக்கும் நகரிக்கு 517590; அது ஆந்திர மூட்டை. இணையத்தில் ரவுட்டர்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆயிரம் முகவரிகளைத் தனித்தனியாகச் சொல்லாமல், "இந்தத் தொகுதி முழுக்க என்னிடம் அனுப்பு" என்று ஒரே வரியில் அறிவிக்கின்றன. வழித்தடச் சுருக்கம் என்பது இதுதான். இது இல்லாவிட்டால் ரவுட்டரின் நினைவகம் தாங்காது. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக வழித்தடப் பட்டியல் 5,12,000 வரிகளைத் தாண்டியதும், பழைய ரவுட்டர்கள் பல திணறி, பல நாடுகளில் இணையம் தடுமாறியது.

ஆனால் மொத்தமாக எழுதினால் என்ன ஆகும் என்று திருத்தணிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் மொத்தமாக அந்தப் பக்கம் போனது. உள்ளே இருந்த திருத்தணியும் கூடவே போனது. ம.பொ.சி. முதலானோர் போராடி, எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கர் பரிந்துரைத்து, 1960 ஏப்ரல் 1-ல்தான் ஊர் திரும்பி வந்தது. ரவுட்டரில் நடக்கும் பிழையும் இதே வகைதான். தன்னிடம் இல்லாத முகவரிகளையும் சேர்த்து "எல்லாம் என்னுடையது" என்று ஒரு ரவுட்டர் அறிவித்தால், அவற்றுக்கு வரும் தகவல் அங்கே வந்து செத்துப்போகும். ரிப் நெறிமுறையின் முதல் பதிப்பு போன்ற பழைய நெறிமுறைகள் நம்மைக் கேட்காமலே சுருக்கிவிடும். ஒரே பெரிய தொகுதியின் பாதி திருவள்ளூர்ப் பக்கமும் பாதி சித்தூர்ப் பக்கமும் இருந்தால், இரண்டு பக்கமும் முழுத் தொகுதிக்கும் உரிமை கொண்டாடும். அதனால்தான் ஒரு தளம் திறக்கும், அடுத்தது திறக்காது. காலையில் வரும், மாலையில் வராது.

அகலமான அறிவிப்பும் குறுகலான அறிவிப்பும் மோதினால் குறுகலானதுதான் ஜெயிக்கும். 2008 பிப்ரவரி 24-ல் பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்க அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஓர் அறிவிப்பை எழுதியது. யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே வரியில் அறிவித்திருந்தது. இவர்கள் எழுதியது அதற்குள் 256 முகவரிகள். அந்த வரி வெளியே கசிந்து, சுமார் இரண்டு மணி நேரம் உலகத்துக்கே யூடியூப் இல்லாமல் போனது. நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் 16-ல் வோடபோன் ஐடியாவின் வலையமைப்பு தனக்குச் சொந்தமில்லாத 30,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளைத் தன்னுடையதாக அறிவித்தது.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் முதலில் ஹாட்ஸ்பாட் சோதனை செய்யுங்கள். பிறகு கணினியின் கமாண்ட் திரையில் 'ட்ரேசர்ட்' (tracert) என்று அடித்து, இடம் விட்டுத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். தகவல் போகும் வழி வரிவரியாக வரும். இரண்டே முகவரிகள் மாறி மாறி வந்துகொண்டிருந்தால் தகவல் செக்குமாடு போலச் சுற்றுகிறது என்று பொருள். நேரம் தெரிய அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். வெறும் நட்சத்திரக் குறிகளை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சில ரவுட்டர்கள் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும்.

புகார் கொடுக்கும்போது 'வேகம் குறைவு' என்று பதிய விடாதீர்கள். 'குறிப்பிட்ட தளத்துக்கு வழி இல்லை' என்று பதியச் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகாரைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம். ஆனால் டிராயின் 2024 தர விதிகளின்படி, கம்பிவழி இணைப்பின் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் இழப்பீடு உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் திருவள்ளூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கடைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். வழி அறுந்த நேரத்தில் யுபிஐ-யில் வாடிக்கையாளர் பணம் போய், உங்களுக்கு உறுதி வராமல் நிற்கலாம். ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி, ஐந்து நாளுக்குள் அந்தப் பணம் தானாக அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அவருக்குச் சேர வேண்டும். பதற்றத்தில் கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைக்காதீர்கள், மோசடிக்காரர்கள் காத்திருப்பது அங்கேதான். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஊரில் இணைப்பு கொடுக்கும் கேபிள் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தானாகச் சுருக்குவதை அணைத்து வையுங்கள், கையில் உள்ள முகவரிகளை மட்டும் அறிவியுங்கள், சுருக்கத்தோடு, கையில் இல்லாத முகவரிக்கு வரும் தகவலை அங்கேயே கைவிடும் 'நல் ரவுட்' (null route) வரியையும் எழுதுங்கள். பல நேரம் அந்த ஒரு வரி இல்லாததால்தான் தகவல் சுற்றிச் சுற்றி வருகிறது.

வாடிக்கையாளர்களே, அடுத்த முறை மோடத்தை அணைக்கச் சொன்னால் ஒரு தடவை அணையுங்கள். அதன் பிறகு புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.