கடல் கடந்த கேட்போர்: புளூஸ் இசைஞரை நேரில் காணும் பயணம்

பழந்தமிழ் இலக்கியத்தில் பயணி கலைஞனே ஆவான். பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளுள் திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கிலும் வழிநடப்போர் பொருநரும் பாணரும் கூத்தருமே. கேட்டு மகிழும் புரவலன் தன் ஊரிலேயே இருந்தான். புளூஸ் இசையின் வரலாற்றில் இது தலைகீழாக நிகழ்ந்தது. 1950களின் இறுதியில் ஐரோப்பியக் கேட்போர் சிலர், தாம் விரும்பிய கறுப்பின இசைஞர்களை அவர்தம் ஊரிலேயே கண்டு கேட்க அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தனர். ஒப்புமை இவ்வளவே, இதற்குமேல் அதனை நீட்டுதல் பொருந்தாது. அப்பயணங்கள் புளூஸ் பற்றிய அறிவை எவ்வாறு மாற்றின என்பதையும், அவ்வாறு செல்பவர் இசைஞரைக் காண்கிறாரா, தாம் முன்பே மனத்தில் வரைந்துகொண்ட ஓவியத்தைக் காண்கிறாரா என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இசைத்தட்டு தந்த அறிவு

புளூஸ் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின உழைப்பாளரிடையே உருவான பாடல் வகையாகும். அதன் பெருவழக்கான வடிவம் எளியது. மூன்று அடிகள்; முதலடி மீண்டும் ஒருமுறை பாடப்பெறும்; மூன்றாம் அடி அதற்கு விடையாகவோ திருப்பமாகவோ அமையும். அச்சில் படிப்பவருக்கு இரண்டாம் அடி கூறியது கூறலாகத் தோன்றும். அவையில் அதன் பணி வேறு. பாடுபவர் மூன்றாம் அடியை அந்நேரத்திலேயே கட்டிக்கொள்ள அது அவகாசம் தருகிறது. கேட்போர் முதலடியை ஏற்று, குரல்கொடுத்து, விடைக்குக் காத்திருப்பதும் அப்போதுதான். அடியின் இறுதியில் கித்தார் மறுமொழி கூறும் இடைவெளியில் அவையோரின் குரலும் கலந்துகொள்ளும்.

இசைத்தட்டு இதனைக் காட்டுவதில்லை. நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். சனிக்கிழமை இரவில் ஆடுவோர் ஓயும்வரை நீளத்தக்க பாடல், ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று நிமிடமாகச் சுருங்கியது. ஐரோப்பாவுக்குக் கப்பலேறி வந்தது அச்சுருங்கிய வடிவமே.

அதனைக் கொண்டே ஒருவர் ஓர் அரிய நூலை எழுதினார் என்பதையும் மறுத்தற்கில்லை. பால் ஆலிவர் (1927-2017) என்னும் ஆங்கிலேயர் 1960இல் வெளியிட்ட 'புளூஸ் ஃபெல் திஸ் மார்னிங்' என்னும் நூல், இசைத்தட்டுப் பாடல் வரிகளை உழைப்பு, இடப்பெயர்வு, காதல், சிறை, நோய், சாவு என்று பொருள்வாரியாக நிறுத்தி, அவற்றின் பின்னுள்ள வாழ்க்கையை விளக்கியது. மிசிசிப்பியில் பிறந்து பாரிசில் வாழ்ந்த எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் அதற்கு முன்னுரை வழங்கினார். அந்நூலை எழுதி முடிக்கும்வரை ஆலிவர் அமெரிக்க மண்ணை மிதித்ததில்லை.

1959, 1960: இரு பயணங்கள்

முதலிற் சென்றோர் பிரெஞ்சுக்காரர் இருவர். ஜாக் டெமெத்ரும் மார்செல் ஷோவாரும் 1959இல் நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ ஆகிய நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளுக்குச் சென்று, தாம் கண்டவற்றை 'ஜாஸ் ஹாட்' இதழில் தொடராக எழுதினர். புளூஸ் மறைந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டுப்புறக் கலை என்னும் எண்ணம் ஐரோப்பாவில் அப்போது வேரூன்றியிருந்தது. சிகாகோவின் தென்பகுதி மதுக்கூடங்களிலோ அது மின்கித்தாரும் ஒலிபெருக்கியுமாக, ஆலைத் தொழிலாளர் ஆடிக் களிக்கும் இசையாக உயிரோடு இருந்தது.

மறு ஆண்டு ஆலிவர் தம் மனைவி வேலரியுடன் சென்றார். அமெரிக்க வெளியுறவுத் துறையின் நல்கையும் பிபிசி வானொலியின் ஆதரவும் அவருக்கு இருந்தன. சிகாகோவோடு நில்லாமல் தெற்கே மிசிசிப்பிக்கும் டெக்சாசுக்கும் அவர் இறங்கினார். மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் நகரில் வேட் வால்டன் என்னும் முடிதிருத்துநரின் கடையில் நிகழ்ந்த ஒலிப்பதிவு இங்குச் சுட்டத்தக்கது. வால்டன் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டும் ஓசையையே தாளமாக இசைத்துக் காட்டக்கூடியவர். எந்தப் பாடல் வரித் தொகுப்பிலும் இதற்கு இடமில்லை. தொழிற்கருவிக்கும் இசைக்கருவிக்கும் இடையே கோடு கிழிக்காத ஒரு வாழ்க்கை அங்கு இருந்தது என்பதை அக்கடையில் நின்று கேட்டவரே அறிய முடியும்.

அப்பயணத்தின் விளைவாக 1965இல் வெளிவந்த 'கான்வர்சேஷன் வித் த புளூஸ்' நூலில் ஆலிவரின் குரல் பின்வாங்குகிறது. இசைஞர்கள் தம் சொற்களிலேயே பேசுகின்றனர், உடன் நிழற்படங்கள். இரு நூல்களுக்கும் இடையே ஐந்தாண்டுகளே எனினும், முன்னதில் பாடல் வரி சான்றாக நின்றது. பின்னதில் பாடியவரே சான்றாக நிற்கிறார். பனுவலிலிருந்து மனிதருக்கு நகர்ந்த இந்நகர்வே அவருடைய பயணத்தின் பெரும்பயன் என்பது என் கருத்து. நாட்டுப்புறப் பாடல்களை அச்சிட்ட வரிகளாக மட்டுமே வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் நமக்கும் இவ்விரு நூல்களை அடுத்தடுத்துப் படிப்பது பயன்தரும்.

அப்பயணம் எளிதாகவும் இல்லை. 1960இல் மிசிசிப்பியில் இன ஒதுக்கல் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. வெள்ளையர் ஒருவர் கறுப்பினத்தார் இல்லத்தில் அமர்ந்து உரையாடுவதே ஐயத்திற்குரிய செயல். விருந்தினர் சில நாளில் ஊர் திரும்பிவிடுவார். வரவேற்றவரோ அங்கேயே வாழவேண்டியவர். 1931இல் ஒலிப்பதிவு செய்தபின் பொதுவெளியிலிருந்து மறைந்துபோன ஸ்கிப் ஜேம்ஸ் என்னும் பாடகரை இளைஞர் மூவர் தேடிச் சென்று, டியூனிக்கா ஊர் மருத்துவமனையில் கண்டது 1964 ஜூன் மாதம். அதே மாதம் 21ஆம் நாள் அதே மாநிலத்தில் குடியுரிமைத் தொண்டர் மூவர் கொல்லப்பட்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனித்தனி வரலாறாகப் படிப்பது வழக்கம். அவை நிகழ்ந்த மண் ஒன்றே.

எதிர்பார்ப்பு என்னும் சுமை

கேட்போர் வெறுங்கையுடன் செல்வதில்லை. தம் எதிர்பார்ப்பையும் உடன் சுமந்து செல்கின்றனர். இசைஞர் ஐரோப்பாவுக்கு வந்தபோதும் அதே எதிர்பார்ப்பு அவர்களை எதிர்கொண்டது. 1930களிலும் 40களிலும் சிகாகோவில் சிறு இசைக்குழுக்களுடன் நகர்ப்புறப் பாணியில் ஒலிப்பதிவு செய்துவந்த பிக் பில் புரூன்சி, 1951இல் ஐரோப்பா வந்தபோது தனிக்கித்தாருடன் பாடும் நாட்டுப்புறப் பாடகராகவே அறிமுகப்படுத்தப்பட்டார். அவரும் அவ்வாறே பாடினார். அதில் பொய்யில்லை, ஆனால் அது அவருடைய முழு உருவமும் அன்று.

மடி வாட்டர்சின் பட்டறிவு இன்னும் வியப்பூட்டுவது. 1958இல் பியானோ கலைஞர் ஓட்டிஸ் ஸ்பானுடன் இங்கிலாந்து வந்த அவர், சிகாகோவில் வாசிப்பதுபோலவே மின்கித்தாரை உரக்க வாசித்தார். கேட்போரிற் சிலர் அதிர்ந்தனர். ஏடுகளிலும் குறைகூறல் எழுந்தது. அதனை மனத்திற்கொண்டு 1963இல் மரக்கித்தாருடன் மீண்டும் வந்தார். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பிரித்தானிய இளைஞரின் சுவை மாறிவிட்டிருந்தது; அவர்கள் எதிர்பார்த்தது மின்கித்தாரை! இருமுறையும் அவர்தம் கலையில் குறையில்லை. தம் அவை எது என்பதை அவர் கடல் கடந்தபின் ஊகிக்க வேண்டியிருந்தது. சிகாகோவில் அத்தேவை அவருக்கு இல்லை. இசைஞரை அவருடைய ஊரிலேயே காண்பதன் பொருள் இதுதான்: அங்கு அவர் பாடுவது வந்தவருக்காக மட்டும் அன்று.

பெண்டோனியா

அவ்வாறு காணத்தக்க ஓரிடத்தைச் சற்று விரிவாகக் கூறலாம். மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், 49ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர் பெண்டோனியா. மேற்கூறிய ஸ்கிப் ஜேம்ஸ் 1902இல் பிறந்த ஊர். இருப்புப்பாதை ஓரத்தில் நிற்கும் 'புளூ ஃபிரன்ட் கஃபே' என்னும் சிறுகடை 1948இல் ஹோம்ஸ் இணையரால் தொடங்கப்பெற்றது. பருத்தி அறுவடைக் காலத்தில் எதிரிலிருந்த பஞ்சு பிரிக்கும் ஆலையின் தொழிலாளருக்காக இரவும் பகலும் அது திறந்திருக்கும். உணவும் குடியும் சூதும் ஆட்டமும் பாட்டும் ஒருங்கே நிகழும் இத்தகைய கறுப்பினச் சிறுகூடங்களை 'ஜூக் ஜாயிண்ட்' என்பர். மேடை என ஒன்று இருப்பது அரிது. பாடுபவர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு அமர்வார்.

1970இல் கடைப்பொறுப்பை ஏற்ற மகன் ஜிம்மி 'டக்' ஹோம்ஸ் (பிறப்பு 1947) இவ்வூர்ப் பாணியின் வழித்தோன்றல். நரம்புகளை மைனர் சுருதியில் கூட்டி, தாழ்ந்த குரலும் திடீரென உயரும் பொய்க்குரலுமாகப் பாடுவது அப்பாணி. ஹென்றி ஸ்டக்கி, ஜாக் ஓவன்ஸ் ஆகிய மூத்தோரிடம் அதனைக் கேட்டும் பார்த்தும் ஹோம்ஸ் பெற்றார். முதலாம் உலகப்போரின்போது பிரான்சில் பணியாற்றிய ஸ்டக்கி, இச்சுருதி முறையை அங்குச் சந்தித்த கரீபியப் படைவீரரிடம் கற்றதாகக் கூறியுள்ளார். உள்ளூர்த் தூய்மையைத் தேடிச் செல்லும் பயணிகள் இச்செய்தியை நினைவிற்கொள்வது நன்று.

ஹோம்ஸ் தம் முதல் தொகுப்பை 2006இல்தான், ஏறத்தாழ அறுபது வயதில் வெளியிட்டார். 2019இல் வெளிவந்த 'சைப்ரஸ் குரோவ்' தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பெற்றது. அதற்குமுன்பே வெளிநாட்டுக் கேட்போர் அவர் கடையைத் தேடி வரத்தொடங்கிவிட்டனர். அவர் பாடலில் தாளக்கணக்கு பிறழ்வதை இசைத்தட்டில் கேட்பவர் பிழையெனக் கருதக்கூடும். அடியை எங்கு நீட்டுவது, எங்கு நிறுத்துவது என்பதை அவர் பாடும்போதே தீர்மானிக்கிறார். உடன் வாசிப்பவர் அவர் கையையும் முகத்தையும் பார்த்தே பின்தொடர வேண்டும், பார்வையாளரும் அவ்வாறே.

இப்பயணத்திற்குப் பொருளியல் முகம் ஒன்றும் உண்டு. 2006இல் தொடங்கப்பெற்ற 'மிசிசிப்பி புளூஸ் டிரெயில்' என்னும் நினைவுப்பலகைத் திட்டம் புளூ ஃபிரன்ட்டையும் சிறப்பித்துள்ளது. கிளார்க்ஸ்டேலுக்கு அருகே, பருத்தித் தோட்டக் குத்தகை உழவர் வாழ்ந்த பாணியிலான மரக்குடிசைகள் பயணியர் விடுதியாக்கப்பட்டுள்ளன. அது அமைந்துள்ள ஹாப்சன் தோட்டத்தில்தான் 1944இல் பருத்தி விளைச்சல் முழுவதும் பொறிகளாலேயே விதைத்து அறுவடை செய்யப்பெற்றது. அத்தகைய பொறிகள் பரவியமை உழவர்களை வடக்கே சிகாகோவை நோக்கிப் பெயரச்செய்த காரணங்களுள் ஒன்று. வறுமையின் உறைவிடம் வாடகைக்கு விடப்படுவது எனக்கு உவப்பானதாக இல்லை. எனினும் அப்பகுதியில் வேறு வருவாய் அரிது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்பகுதியிலிருந்து செல்ல விரும்புவோர் மெம்பிசு வரை வானூர்தியில் சென்று, அங்கிருந்து 61ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே கிளார்க்ஸ்டேலை அடையலாம். வாடகை மகிழுந்து இன்றியமையாதது. 1972இல் தொடங்கப்பெற்ற பெண்டோனியா புளூஸ் விழா ஜூன் மாதத்திற்குரியது. வெயிலும் கூட்டமும் மிகுதி. ஹோம்ஸ் கடையில் பாடுவதற்கு முன்னறிவிப்பு இருப்பதில்லை என்பதால், விழாக்காலம் தவிர்த்துச் செல்பவர் ஒரு நாளுக்கு மேல் தங்கும் எண்ணத்துடன் செல்வதே ஏற்றது.